பொம்மைக்கு வேடம் மாற்றுதல்

பொம்மைக்கு வேடம் மாற்றுதல் என்பது, தொழிற்சாலையிலோ கைவினைஞர் பட்டறையிலோ ஒரே அச்சில் பலவாகச் செய்து விற்கப்பட்ட பாவையை, வாங்கியவர் தம் விருப்பப்படி வர்ணம் மாற்றியும், ஆடை அணிவித்தும், தலை கை கால்களைக் கழற்றி வேறொன்றோடு பூட்டியும், முற்றிலும் வேறொரு பாத்திரமாக ஆக்கிக்கொள்ளும் பொழுதுபோக்காகும். இன்று இதைச் சொன்னவுடன் பலருக்கு நினைவு வருவன ஸ்பைடர்மேன், பேட்மேன் முதலிய சூப்பர்ஹீரோக்களின் மூட்டசையும் பிளாஸ்டிக் உருவங்களே எனினும், தமிழ்நாட்டில், சிறப்பாகத் திருவண்ணாமலையை உள்ளிட்ட பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில், மரப்பாச்சிக்குப் புடவை கட்டுவதும் கொலுப் பொம்மைக்கு மறுவர்ணம் தீட்டுவதும் இவ்வகையிலேயே சேர்க்கத் தக்கவை. இவ்வழக்கமும் சூப்பர்ஹீரோ உருவங்களின் வேடமாற்றமும் ஒரே மரபின் இரு கிளைகளா, அன்றி முன்னது பக்தி சார்ந்த கிருகக் கலை, பின்னது அயல்நாட்டிலிருந்து வந்த தனி வழக்கமா என்பது விவாதத்துக்கு உரியது. இரு பக்கமும் நியாயம் உண்டு.

சங்க இலக்கியத்தில், மகளிர் கடற்கரை மணலில் செய்த வண்டற்பாவையும், பஞ்சாய்க் கோரையால் செய்த பாவையும் பேசப்படுகின்றன. அதன்பின் பல நூற்றாண்டுகளைப் பற்றிச் சொல்லக்கூடியது சொற்பமே. விஜயநகரத்து மகாநவமி விழாவைப் பதினாறாம் நூற்றாண்டில் நேரில் கண்ட போர்த்துக்கேயராகிய டொமிங்கோ பயஸ் அதனை விரிவாக வர்ணித்திருக்கிறார்; அந்த ராஜசபைக் கொலுவே நாயக்கர் காலத்தின் வழியாக வந்து வீட்டுக் கூடத்துப் படிக்கட்டாகச் சுருங்கியது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கருத்து. இதனை மறுப்பதும் எளிதன்று, நிறுவுவதும் எளிதன்று.

கொலுவில் முதலிடம் பெறும் மரப்பாச்சி, செம்மரம் முதலிய மரங்களில் ஆணும் பெண்ணுமாக ஜோடியாகச் செதுக்கப்படுவது. திருப்பதி யாத்திரை சென்று வந்தோர் வாங்கி வந்ததாலும், பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சீராகக் கொடுக்கப்பட்டதாலும் இது தலைமுறை தலைமுறையாக வீடுகளில் தங்கியது. தச்சன் உளியால் நாலு கோடு கீறி முகத்தையும், இன்னும் சில கோடுகளில் ஆபரணங்களையும் குறிப்பாகக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வான். மிச்சத்தை வீட்டுப் பெண்கள் முடிக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். கைகள் உடலோடு ஒட்டியே செதுக்கப்பட்டிருப்பதால் ரவிக்கை தைத்து மாட்டுவது இயலாத காரியம். ஆகவே பட்டுத் துணுக்கைச் சுற்றிப் பின்புறம் தையலிட்டோ ஒட்டியோ விடுவர். பழைய புடவையின் சரிகைக் கரை அங்கவஸ்திரமாகும். கறுப்பு நூல் பின்னலாகும். சமிக்கியும் பாசிமணியும் ஒட்டியாணமாகவும் அட்டிகையாகவும் ஆகும். பட்டுநெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்திலேயே இருப்பதால் துணுக்குத் துணிக்கு இப்பகுதியில் என்றுமே பஞ்சம் இருந்திராது. ஒரே மரப்பாச்சி ஒரு நவராத்திரியில் மணமகளாகவும், மறு நவராத்திரியில் கொண்டையைப் பக்கவாட்டில் சாய்த்து முடிந்துவிட்டால் ஆண்டாளாகவும் நிற்கும். அடியில் இருக்கும் மரம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் கை பட்டுக் கருத்து மெருகேறிக்கொண்டே போகும்.

அச்சுயந்திரம் பெருகியபோது இவ்வழக்கம் பொம்மையை விட்டுப் படத்துக்கும் தாவியது. ராஜா ரவிவர்மா 1894-இல் பம்பாயில் நிறுவிய அச்சகத்திலிருந்து லக்ஷ்மி, சரஸ்வதி முதலிய வர்ணப் படங்கள் ஆயிரக்கணக்கில் வெளிவந்து வீடுகள்தோறும் பரவின. செட்டிநாடு உள்ளிட்ட தென்னாட்டு இல்லங்களில், அப்படங்களின் புடவை வரையப்பட்ட இடத்தில் மெய்யான துணியை ஒட்டி, நகை வரையப்பட்ட இடத்தில் ஜரிகையும் மணியும் தைத்துக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டினர். பக்கத்து வீட்டிலும் அதே லக்ஷ்மிதான். ஆனால் புடவை வேறு.

மண்பொம்மைகளும் காகிதக்கூழ்ப் பொம்மைகளும் காஞ்சிபுரம், பண்ருட்டி, விழுப்புரம், மதுரையை அடுத்த விளாச்சேரி, சென்னைக் கொசப்பேட்டை ஆகிய இடங்களில் செய்யப்பட்டு வெளியூர்க் கடைகளுக்கு வருவன. இரு பாதியாகப் பிரியும் அச்சில் வார்த்து, உலர்த்தி, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைப் பூச்சுப் பூசிய பின்னரே வர்ணம் ஏறும். வஜ்ஜிரத்தில் குழைத்த பொடி வர்ணங்கள் போய் எனாமலும், அதன்பின் அக்ரிலிக்கும் வந்தன. விரல் முறிந்தும் மூக்குத் தேய்ந்தும் போன பழம்பொம்மைகளைப் பரணிலிருந்து இறக்கி, மகாளய பக்ஷத்தில் வீட்டிலேயே செப்பனிடுவது இன்றும் பல இல்லங்களில் உண்டு. உடைந்த விரலுக்கு எம்-சீல் பிசின், உரிந்த வர்ணத்துக்கு எனாமல், எல்லாம் முடிந்தபின் கடைசியாகக் கண் என்பது வரிசை. அந்தக் கண்ணில்தான் பெரும்பாலான முயற்சிகள் கெடுகின்றன: கருவிழி ஒரு நூலிழை இடம் மாறினாலும் சாந்தமான சரஸ்வதி திடுக்கிட்டவள் போலாகிவிடுகிறாள்.

திருவண்ணாமலையைப் பொறுத்தவரை, உருவங்களுக்கு வேடமும் வர்ணமும் மாறுவது ஊராருக்குப் பழக்கமான காட்சியாகும். அருணாசலேசுவரர் ஆலயத்தில் நவராத்திரி நாட்களில் பராசக்தி அம்மனுக்கும், ரமணாசிரமத்து மாத்ருபூதேசுவரர் சந்நிதியில் யோகாம்பிகைக்கும் தினம் ஓர் அலங்காரம் செய்யப்படுகிறது. கோபுரச் சுதைகள் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் புதுவர்ணம் பெறுகின்றன. இங்கே 2017 பிப்ரவரி 6-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. செய்யாற்றை அடுத்த புரிசை முதலிய கிராமங்களின் தெருக்கூத்தில், கல்யாண முருங்கை போன்ற லேசான மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லும் வர்ணக் காகிதமும் பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் ஆகியவற்றை ஏற்றியவுடன் சாதாரண மனிதன் துரியோதனனாகிவிடுகிறான். தோளை அகலப்படுத்திக் காட்டும் அந்தப் புஜக்கட்டைக்கும் அமெரிக்கச் சித்திரக்கதை வீரனின் தோள் கவசத்துக்கும் உள்ள ஒற்றுமை, தற்செயலே ஆயினும், சுவையானது.

மூட்டசையும் பொம்மைகளின் காலம் பற்றிய தகவல்கள் பெரும்பாலும் வெளிநாட்டுச் சேகரிப்போரால் திரட்டப்பட்டவை. ஆதலால் இப்பகுதி மற்றவற்றைவிட விரிவாக அமைகிறது. அமெரிக்காவில் ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-இல் ஜி.ஐ. ஜோ என்னும் பன்னிரண்டு அங்குலப் போர்வீரனை வெளியிட்டது. ஈராண்டு கழித்து, 1966-இல், ஐடியல் நிறுவனம் கொண்டுவந்த கேப்டன் ஆக்ஷன் என்ற பொம்மைக்குச் சொந்த முகம் ஒன்று இருந்ததே தவிர, அதன் முக்கியமான குணம், தனியே விற்கப்பட்ட உடையையும் முகமூடியையும் மாட்டினால் சூப்பர்மேனாகவோ பேட்மேனாகவோ மாறிவிடுவதுதான். மரப்பாச்சி அறிந்த தமிழருக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. 1982-இல் ஜி.ஐ. ஜோ மூன்றே முக்கால் அங்குல உயரமாகச் சுருங்கி மீண்டும் வெளிவந்தபோது அதன் உள்ளமைப்பு வேறாயிற்று. முதுகில் ஒரே ஒரு திருகாணி. உள்ளே மார்பையும் இடுப்பையும் இழுத்துப் பிடிக்கும் ஒரு ரப்பர் வளையம். சிறு திருப்புளியால் அத்திருகாணியைக் கழற்றினால் தலை, இரு கைகள், மார்பு, முதுகு, இடுப்பு, கால்கள் எல்லாம் தனித்தனியே கையில் வந்துவிடும். வேறொரு பொம்மையின் உறுப்பை வைத்து மீண்டும் முடுக்கலாம். இப்பொழுதுபோக்கு உலகெங்கும் பரவியதில் இத்திருகாணிக்கு உள்ள பங்கு பெரிது. வளையம் நாளடைவில் இற்று அறுந்துபோகும். அதே அளவான ரப்பர் வாஷரைக் குழாய்ச் சாமான் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம்.

இந்தியாவில் ஜி.ஐ. ஜோ உருவங்கள் பரவலாகக் கிடைத்தது, சென்னையின் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் ஹாஸ்ப்ரோவும் கூட்டாக 1987-இல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் வாயிலாகவே. அயல்நாட்டு அச்சுகளைக் கொண்டு கோவாவில் செய்யப்பட்ட அவ்வுருவங்களின் நிறங்கள் மூலத்தோடு பல சமயம் ஒத்துப்போவதில்லை; ஒரே வீரன் வெவ்வேறு வர்ணச் சேர்க்கைகளில் வெளிவந்ததும் உண்டு. கைவசம் இருந்த மூலப்பொருளுக்கு ஏற்ப நிறம் மாறியது என்று சிலரும், இந்தியக் கண்ணுக்குப் பிடிக்கும் என்று வேண்டுமென்றே பளிச்சிடும் நிறங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன என்று சிலரும் கருதுகின்றனர். தொலைக்காட்சித் தொடர் நாயகனான ஸ்ட்ரீட் ஹாக்கின் பெயரில் வந்த உருவமோ, முன்பே இருந்த அச்சுகளின் உறுப்புகளை ஒன்றுசேர்த்து இங்கேயே உண்டாக்கப்பட்டது. அதாவது பொழுதுபோக்காளர் வீட்டு மேஜையில் செய்யும் வேலையைத் தொழிற்சாலையே செய்துவிட்டது. அன்று குறைபாடாகக் கருதப்பட்ட இவ்வேறுபாடுகளுக்காகவே அப்பொம்மைகளை வெளிநாட்டினர் இன்று தேடி வாங்குகின்றனர். அதே காலத்தில் லியோ நிறுவனம் மாட்டெலின் ஹீ-மேன் உருவங்களை இந்தியாவில் விற்றது. தூர்தர்ஷனில் ஹீ-மேனும் ஸ்பைடர்மேனும் ஒளிபரப்பாயின. பிற்காலத்தில் ஃபன்ஸ்கூல், பழைய வட ஆர்க்காட்டின் மற்றொரு பகுதியான ராணிப்பேட்டையிலும் தொழிற்சாலை அமைத்தது.

கடைச் சரக்கு கிடைக்காத பாத்திரங்களே பெரும்பாலும் வேடமாற்றத்துக்கு முதல் காரணமாகின்றன. எழுபதுகளின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸ் மூலம் தமிழ்ச் சிறுவர்களைக் கவர்ந்த இரும்புக்கை மாயாவி இதற்குத் தக்க உதாரணம். கோட்டு அணிந்த ஏதேனும் ஓர் உருவத்தின் வலக்கைக்கு வெள்ளி வர்ணம் பூசினால் போதும், மாயாவி தயார். இத்துறையில் இதைவிடச் சுலபமான வேலை கிடையாது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் நாயகனுக்கு முழு உடல் எதற்கு என்று வாதிப்பாரும் இருக்கக்கூடும். 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய சக்திமான், சிவப்பு உடலும் பொன்னிறப் பட்டையுமாக, கொஞ்சம் கூடுதல் உழைப்பைக் கேட்பவர்.

முறையைச் சுருக்கமாகச் சொன்னால்: இறுகிய மூட்டை வெந்நீரில் அமிழ்த்தினால் பிளாஸ்டிக் இளகி உறுப்பு கழன்றுவரும், அச்சிட்ட முகத்தை நகப்பூச்சு நீக்கும் திரவத்தால் துடைப்பர், தசையையும் முடியையும் எம்-சீல் கொண்டு பிசைந்து வைப்பர், அது இறுகுமுன் ஈரவிரலால் வழித்துச் சீராக்க வேண்டும், உப்புத்தாள் தேய்த்து, அடிப்பூச்சிட்டு, அக்ரிலிக் வர்ணத்தை நீர்க்கக் கலந்து பல மெல்லிய படலங்களாக ஏற்றி, பளபளப்பற்ற வார்னிஷால் முடிப்பர். மூட்டுகள் உராயும் இடத்தில் வர்ணம் உதிர்வது தீராத சங்கடம். முன்கூட்டியே அவ்விடத்தை மெல்லத் தேய்த்து இடைவெளி உண்டாக்குவதே அறிந்த பரிகாரம். மேலங்கிக்குத் துணியே சிறந்தது, பிளாஸ்டிக் அன்று என்பதில் மரப்பாச்சிக்குப் புடவை கட்டியவர்களும் இவர்களும் ஒருமனதாக இருக்கின்றனர்.

கார்த்திகைத் தீபத்தையொட்டி முளைக்கும் திருவிழாக் கடைகளில் விற்கும் பெயரற்ற மலிவுப் பொம்மைகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஸ்பைடர்மேன் உடலில் வௌவால் சின்னமும், மார்பில் மின்விளக்கும், முதுகில் எவருக்குரியதென்று தெரியாத மேலங்கியுமாக அவை தொங்கும். இவற்றைப் போலி என்று தள்ளுவோரே அதிகம். எனினும் கற்பனை வளத்தில் இவை பின்தங்கியவை அல்ல என்பதோடு, பழகுநர் வெட்டிப் பழகுவதற்கு இவற்றைவிடச் செலவு குறைந்த சரக்கு கிடையாது.

இந்நூற்றாண்டில் பொம்மைகளுக்கான இறக்குமதித் தீர்வை 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. 2021 ஜனவரி முதல் தரக்கட்டுப்பாட்டு ஆணையும் அமலாயிற்று, பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொருள்களுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. இதற்கிடையே, வேடம் மாற்றுவோர் வேண்டிய தலையை முப்பரிமாண அச்சில் எடுத்துக்கொள்வதும் பெருகிவருகிறது. காமிக்ஸ் ரசிகர்களின் விழாவான காமிக் கான் சென்னையில் முதன்முறையாக 2024 பிப்ரவரியில் நடைபெற்றது. கொலுவிலும், படிகளுக்குக் கீழே தரையில் அமைக்கும் ‘பார்க்’கில், கிரிக்கெட் வீரர்களுக்கும் சந்திரயானுக்கும் பக்கத்தில் சூப்பர்ஹீரோக்களுக்கு இடம் கொடுக்கும் வீடுகள் உண்டு, மேற்படிகளில் அவர்களை ஏற்றுவது பற்றிக் குடும்பத்துக்குக் குடும்பம் அபிப்பிராயம் வேறுபடுகிறது.