மணலில் குடியேறிய உயிர்: 1877ஆம் ஆண்டுச் சோதனை ஒன்றின் மறுவாசிப்பு

நகரக் கழிவுநீரை உயிரிப்படலத்தால் தூய்மையாக்கும் முறையின் வரலாற்றை எட்வர்ட் ஃபிராங்க்லாந்திலிருந்து தொடங்குவது வழக்கம். பிரிட்டனில் 1868இல் அமைந்த ஆற்று மாசு ஆணையத்தில் இடம்பெற்ற வேதியியலாளர் அவர். லண்டன் சாக்கடை நீரை மணலும் மண்ணும் நிரப்பிய உருளைகளில் இடைவெளி விட்டு ஊற்றி, அடியில் தெளிந்த நீரைப் பெற்றார். ஆணையத்தின் 1870ஆம் ஆண்டு அறிக்கை இதை நுரையீரலோடு ஒப்பிட்டு விளக்கியது: நீர் வடிய வடிய மண் காற்றை உள்ளிழுக்கிறது, துளைகளில் தங்கும் ஆக்சிஜன் அழுக்கை எரித்துவிடுகிறது.

இந்த உவமையின் பயனை நான் மறுக்கவில்லை. படுகைக்கு ஓய்வும் காற்றும் வேண்டும் என்ற விதியை அதுதான் தந்தது. 1871இல் வேல்ஸின் மெர்தர் டிட்ஃபிலில் பெய்லி டென்டன் அமைத்த வடிநிலம் அவ்விதியின்படி இயங்கியது. ஆனால் இவ்வாசிப்பில் மணல் வெறும் கலம்; வேலை முழுவதும் காற்றினுடையது. அப்படியானால் புதுப் படுகையும் பழகிய படுகையும் ஒன்றுபோல இயங்க வேண்டும். படுகை பழகுவதற்கான காலம் இவ்விளக்கத்தில் எங்கும் இல்லை. உயிரிப்படல வரலாற்றை இங்கே தொடங்குவதில் எனக்கு உடன்பாடின்மை இதனால்தான்.

அந்தக் காலத்தைக் கண்ணுக்குக் காட்டியது 1877இல் பாரிசில் ஷ்லோசிங்கும் மியூன்ட்ஸும் வெளியிட்ட சோதனை. ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் சுட்டெடுத்த மணலையும் பொடித்த சுண்ணாம்புக்கல்லையும் நிரப்பி, நாள்தோறும் கழிவுநீர் ஊற்றினார்கள். ஊற்றிய நீர் அடியை எட்ட எட்டு நாள் ஆகும்படி அளவு வைத்திருந்தார்கள். முதல் 20 நாள் அம்மோனியா மாறாமலே வந்தது. பிறகு நைட்ரேட் தோன்றிப் பெருகியது, அம்மோனியா மறைந்தது.

இந்த 20 நாளில் சற்று நிற்க வேண்டும். ஐந்தாம் நாள் ஊற்றிய நீரும் முப்பதாம் நாள் ஊற்றிய நீரும் குழாய்க்குள் இருந்தது அதே எட்டு நாள்தான். முன்னது மாறவில்லை, பின்னது மாறியது. நுண்ணுயிர்கள் நீரோடு மிதந்து நீரோடு வெளியேறியிருந்தால், ஒவ்வொரு நாளின் நீரும் முதலிலிருந்தே தொடங்கியிருக்கும். இந்த வேறுபாட்டுக்குக் காரணமே இராது. ஆக, நீர் போன பின்னும் குழாயில் ஒன்று தங்கியது, நாளுக்கு நாள் பெருகியது. அது மணல்துகளைப் பற்றிய படலம் என்பது என் துணிபு. துகளில் ஒட்டியதா, துகள்களின் இடுக்கில் சிக்கியதா என்பதை இச்சோதனை மட்டும் பிரித்துக் காட்டாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த படி என் வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நைட்ரேட் நின்றது. ஆவியை விலக்கிய பின்னும் அது திரும்பவில்லை; மண் ஊறிய நீரைச் சிறிது ஊற்றிய பிறகே மீண்டது. மணலும் காற்றும் முன்போலவே இருந்தன. இல்லாமல் போனது உயிர் ஒன்றுதான். ஆயினும் இருவரும் கேட்ட கேள்வி, இது உயிரின் செயலா வேதிவினையா என்பதே. அவ்வுயிர் எங்கே குடியிருக்கிறது என்பது அவர்கள் கேள்வியன்று.

நைட்ரேட் ஆக்கும் உயிரைப் பிரித்தெடுத்த பெருமையையும் ஒருவருக்கே தர இயலாது. 1890இல் வினோகிராட்ஸ்கியும், எட்வர்டின் மகன் பெர்சி ஃபிராங்க்லாந்தும் அவர் மனைவி கிரேஸும் தனித்தனியே முடிவுகளை வெளியிட்டனர். தந்தை காற்றிடம் தேடிய விடையை மகன் உயிரிடம் தேடினார்.

பின்வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நிலையத்தில் 1887 முதல் சரளைப் படுகைச் சோதனைகள் நடந்தன. 1890களில் சால்ஃபோர்டில் ஜோசப் கார்பெட் கற்படுகை மீது கழிவுநீரைத் தெளித்தார். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் கற்களையே விட்டுவிட்டு, மிதக்கும் சேற்றைத் தேக்கி மறுபடி பயன்படுத்தினார்கள். அங்கும் விதி ஒன்றே: நீர் போகட்டும், உயிர் தங்கட்டும். 1980களின் பிற்பகுதியில் நார்வேயில் ஹால்வார்ட் ஓடெகார்ட் குழுவினர் நீரைவிடச் சற்று லேசான பாலிஎத்திலீன் வளையங்களில் படலத்தை வளர்த்து, தொட்டிக்குள் சுழலவிட்டார்கள்.

ஆகவே தொடக்கத்தை ஓர் ஆண்டில் அடைப்பது பொருந்தாது. 1870 படுகைக்கு வடிவம் தந்தது. 1877 அதில் உயிர் இருப்பதைக் காட்டியது. இரண்டில் ஒன்றைச் சுட்டச் சொன்னால் நான் பின்னதையே சுட்டுவேன். இன்றும் புது வளையங்களைத் தொட்டியில் இட்டவர்கள் அம்மோனியா இறங்க வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். காற்றூதி முதல் நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தும் அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க முடிவதில்லை.