முறிந்த கட்டையும் முதல் விமானமும்



1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்ததை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதற்கு மூன்று நாள் முந்தைய கதை இது.

அமெரிக்காவின் கிட்டி ஹாக் அருகே, 14ஆம் தேதி வில்பர் விமானத்தில் ஏறினார். மூன்றரை வினாடிதான். மூக்கு அதிகம் நிமிர்ந்து, வேகம் குறைந்து, கீழே இறங்கிவிட்டது. இடது இறக்கை முதலில் தரையில் பட, விமானம் சுழன்று, அடியிலிருந்த சறுக்குக் கட்டை மணலில் குத்தி முறிந்தது. அந்த விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. இறங்க அந்தக் கட்டைகள்தாம்.

சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா! தாங்களே பழுதுபார்த்து, 16ஆம் தேதி மாலை தயாராகிவிட்டார்கள். மறுநாள் ஆர்வில் 12 வினாடி பறந்தார். நான்காம் முறை வில்பர் 59 வினாடியில் 852 அடி போனார்.

பாடப்புத்தகத்தில் 17ஆம் தேதி மட்டும் இருக்கிறது. ரிப்பேர் செய்த அந்த இரண்டு நாள் இல்லாவிட்டால் அந்தத் தேதியே இல்லை.

உங்கள் பிள்ளை எதையாவது உடைத்துவிட்டால், திட்டுவதற்கு முன் கையில் ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுங்கள்.