ஃபிரிட்ஜை விட்டு வெளியே வந்த மாத்திரை

டெல்லி மே மாதத்தைப் பற்றி இங்கே குப்பை கொட்டும் நமக்குத் தெரியும். 45 டிகிரி. மத்தியானம் கரெண்ட் போனால் கதை கந்தல். இந்த ஊரில் ஒருவருடைய உயிர் காக்கும் மருந்தை ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை என்றால்? பக்கத்து வீட்டில் கொடுத்து வைக்கலாம்தான். ஆனால் அது எச்.ஐ.வி. மருந்து. யாரிடம் போய்ச் சொல்வது?

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1996-ல் அமெரிக்காவின் அபாட் நிறுவனம் ரிடோனாவிர் என்ற மருந்தைக் காப்ஸ்யூலாகக் கொண்டுவந்தது. 1998-ல் திடீர்ச் சிக்கல். அதே மருந்து வேறு வகைப் படிகமாக மாறிக் கரைய மறுத்தது. வயிற்றில் கரையாத மருந்து ரத்தத்துக்குப் போகாது. எங்கள் பேங்க் பாஷையில், சொத்து நிறைய, கையில் ரொக்கம் இல்லை! அந்தக் காப்ஸ்யூலையே நிறுத்த வேண்டியதாயிற்று.

அப்புறம் வந்தது ஃபிரிட்ஜில் வைக்கும் ஜெல் காப்ஸ்யூல். 2000-ல் லோபினாவிரையும் ரிடோனாவிரையும் சேர்த்து வந்த கலெட்ராவும் அப்படித்தான். ஒரு நாளைக்கு ஆறு. வெளியே வைத்தால் 25 டிகிரிக்குள், இரண்டு மாதம். மே மாத டெல்லியில் 25 டிகிரிக்கு எங்கே போவது?

விடை பாலிமரில் கிடைத்தது. நான் பி.காம். ஆசாமி, எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். கல்கண்டும் சர்க்கரை, பஞ்சுமிட்டாயும் சர்க்கரை. கல்கண்டு மெதுவாகக் கரையும். பஞ்சுமிட்டாய் நாக்கில் பட்டதும் காணாமல் போகும், ஏனென்றால் அதில் படிக ஒழுங்கு இல்லை. ஆனால் ஈரக்காற்று பட்டால் சுருங்கிக் கட்டியாகிவிடும். மருந்தும் அப்படியே. அதனால் மருந்தையும் கோபோவிடோன் என்ற பாலிமரையும் சேர்த்துச் சூட்டில் இளக்கி, முறுக்கு பிழிவது போலப் பிழிந்து ஆறவிட்டார்கள். மருந்து மீண்டும் படிகமாகாமல் பாலிமர் பிடித்துக்கொள்கிறது. 2005 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆறு காப்ஸ்யூல் நான்கு மாத்திரை ஆனது. ஃபிரிட்ஜ் தேவையில்லை.

இதில் நம் ஊர்க் கதையும் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வில். டெல்லியில் இருக்கும் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2004 ஏப்ரல் 1-ல் இலவச மருந்து தர ஆரம்பித்தது. முதல் வரிசை மருந்துகள் பலிக்காதவர்களுக்கான இரண்டாம் வரிசை, 2008 ஜனவரியில் நம்ம தாம்பரத்திலும் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையிலும் தொடங்கியது. அதில் முக்கியமானது இந்த ஜோடி மருந்துதான். சிப்லா, மேட்ரிக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களும் சூடு தாங்கும் மாத்திரை செய்தன. அபாட்டின் காப்புரிமை விண்ணப்பம் இங்கே நிராகரிக்கப்பட்ட செய்தி 2011 தொடக்கத்தில் வந்தது.

இன்று இதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஆனால் 2021-ல் கோவிட்டுக்கு வந்த பாக்ஸ்லோவிட் அட்டையிலும் ரிடோனாவிர் மாத்திரை இருக்கிறது, அதே கோபோவிடோனோடு.

புது மருந்து கண்டுபிடித்தவர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பழைய மருந்தை ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு இந்தப் பதிவு.