ஏழு ஆட்டங்களின் நியாயம்: 2019 ரொறன்ரோ ராப்டர்ஸும் பிளேஓஃப் முறையின் வரலாறும்

இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் வண்ணாத்திவில்லு, எழுவன்குளம், கற்பிட்டிப் பக்கங்களில் ஊருக்கு ஊர் நடக்கும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகள் பெரும்பாலும் விலகல் முறையிலானவை. ஒரு பின்னேரம் தோற்றால் அந்த அணியின் கதை அத்தோடு முடிந்தது. அமெரிக்க, கனேடிய நகரங்களின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யும் இதே விதியைப் பின்பற்றியிருந்தால், 2019 ஆம் ஆண்டின் சம்பியன் அணி முதல் நாளே வெளியேறியிருக்கும். அந்த ஆண்டு ஏப்ரல் 13 அன்று ரொறன்ரோ ராப்டர்ஸ், சொந்த அரங்கில் ஒர்லாண்டோ மஜிக் அணியிடம் 101–104 என்று தோற்றது. சரியாக இரண்டு மாதம் கழித்து, ஜூன் 13 அன்று, அதே அணி கிண்ணத்தை ஏந்தியது. இந்த இரண்டு திகதிகளுக்கும் நடுவில் நடந்ததை விளங்கிக்கொள்ள ஆட்டக்காரரின் திறமையை மட்டும் பார்த்தால் போதாது. பிளேஓஃப் எனப்படும் அந்த இறுதிக் கட்டத் தொடர் எழுபது ஆண்டுகளில் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதன் தொடக்கத்தில் வருமானக் கணக்கு இருந்தது. 1946 ஜூனில் நியூயோர்க்கில் ஒன்றுகூடிப் புதிய லீக்கை அமைத்தவர்களில் பெரும்பாலோர் ஐஸ் ஹொக்கி அரங்குகளின் உரிமையாளர்கள். ஹொக்கி இல்லாத இரவுகளில் அரங்கு வெறுமையாகக் கிடப்பது அவர்களுக்கு நட்டம். லீக்கின் முதல் ஆட்டம் 1946 நவம்பர் 1 அன்று ரொறன்ரோவில், மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் அரங்கில் நடந்தது. நியூயோர்க் நிக்ஸ் 68–66 என்று ரொறன்ரோ ஹஸ்கிஸை வென்றது. ஹஸ்கிஸ் ஒரே பருவத்தோடு கலைந்துபோனது.

1947 இன் முதல் பிளேஓஃப் இன்று படிப்பவருக்கு விசித்திரமாகத் தெரியும். 11 அணிகளில் 6 தகுதி பெற்றன. இரு பிரிவுகளிலும் முதலிடம் பிடித்த வாஷிங்டனும் சிக்காகோவும் அரையிறுதியிலேயே ஒன்றோடொன்று மோதவிடப்பட்டன. 49 ஆட்டங்களில் வென்று 11 இல் மட்டும் தோற்றிருந்த வாஷிங்டன் அங்கேயே வீழ்ந்தது. மற்றப் பக்கத்தில் இரண்டாம், மூன்றாம் இடத்து அணிகள் மூன்று ஆட்டத் தொடர்களில் மோதின. அவ்வழியாக வந்த பிலடெல்பியா வோரியர்ஸ், இறுதித் தொடரில் சிக்காகோவை 4–1 என்று வென்றது. சம்பியனாக அந்த அணிக்கு 8 வெற்றிகள் போதுமாயிருந்தன. 2019 இல் ரொறன்ரோவுக்கு 16 தேவைப்பட்டன. அந்த எட்டு பதினாறாக வளர்ந்ததே இங்கு ஆராயப்படும் விடயம்.

வளர்ச்சி நேர்கோட்டில் நடக்கவில்லை. 1953 மார்ச்சில் பொஸ்டனும் சிரக்கியூஸும் மோதிய பிளேஓஃப் ஆட்டம் நான்கு மேலதிக நேரங்கள் வரை இழுபட்டது. நடுவர்கள் 106 தவறுகளை அறிவித்தார்கள். பொஸ்டனின் பொப் கூசி எடுத்த 50 புள்ளிகளில் 30 இலவச எறிகளால் வந்தவை. முன்னிலை பெற்ற அணி பந்தைப் பிடித்து வைத்திருப்பதும், எதிரணி வேண்டுமென்றே மோதி மறிப்பதும்தான் அன்றைய ஆட்டம். 1954 இல் 24 விநாடிக் கடிகாரம் வந்து இதைத் தீர்த்தது. அதை வலியுறுத்தியவர் சிரக்கியூஸ் உரிமையாளர் டனி பியாசோன். அந்த விதியின் கீழ் முதலில் சம்பியனானதும் சிரக்கியூஸ்தான். ஆட்டம் விறுவிறுப்பான பிறகே நீண்ட தொடர்களைப் பார்க்க மக்கள் பொறுமை கொண்டார்கள்.

1984 இல் தகுதி பெறும் அணிகள் 16 ஆகின, முதல் சுற்று ஐந்து ஆட்டத் தொடராயிற்று. 2003 இல் அதுவும் ஏழாக நீட்டப்பட்டது. கூடுதல் ஆட்டம் என்றால் கூடுதல் நுழைவுச்சீட்டு, கூடுதல் தொலைக்காட்சி நேரம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அதனால் ஒரு நியாயமும் விளைந்தது, அதைக் கணக்குப் போட்டே காட்டலாம். எதிராளியை ஒவ்வோர் ஆட்டத்திலும் நூற்றுக்கு 60 தடவை வெல்லக்கூடிய அணி, மூன்று ஆட்டத் தொடரை ஏறத்தாழ 65 தடவையும், ஏழு ஆட்டத் தொடரை 71 தடவையும் வெல்லும். தொடர் நீள நீளத் தற்செயலுக்கு இடம் குறைகிறது.

ரொறன்ரோவுக்கு இந்த நியாயம் நெடுங்காலம் எதிராகவே வேலை செய்தது. 1995 இல் பிறந்த ராப்டர்ஸ், 2001 இல் பிலடெல்பியாவுடனான ஏழாவது ஆட்டத்தை ஒரே புள்ளியால் இழந்தது. கடைசி விநாடியில் வின்ஸ் கார்ட்டர் எறிந்த பந்து உள்ளே போகவில்லை. 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டுகளும் லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லண்ட் அவர்களை வெளியேற்றியது. பின்னைய இரண்டு தடவைகளிலும் 0–4. 2018 இல் 59 வெற்றிகளோடு கிழக்கில் முதலிடம் பிடித்தும் அதே கதி. பயிற்றுநர் டுவேன் கேசி நீக்கப்பட்டார். நைஜீரியாவைச் சேர்ந்த அணி நிர்வாகத் தலைவர் மசாய் உஜிரி, அந்த ஜூலையில் நகரத்தின் செல்லப்பிள்ளையான டெமார் டிரோசனை அனுப்பிவிட்டு, காயத்தால் ஏறத்தாழ ஒரு பருவத்தையே இழந்திருந்த காவாய் லெனார்டை வாங்கினார். ஒப்பந்தத்தில் ஓராண்டே மீதியிருந்த ஒருவருக்காக எடுத்த துணிச்சல் அது. புதிய பயிற்றுநர் நிக் நர்ஸின் அணியில் லெனார்ட் 82 ஆட்டங்களில் 60 இல் மட்டுமே இறங்கினார். மற்ற நாட்களில் அவரது உடல் ஏப்ரலுக்காகச் சேமிக்கப்பட்டது. பிளேஓஃபின் நீளம் வழக்கமான பருவத்தையே மாற்றியமைத்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஒர்லாண்டோவிடம் முதல் ஆட்டத்தை இழந்தவர்கள் அடுத்த நான்கையும் வென்றார்கள். பிலடெல்பியாவிடம் 1–2 என்று பின்தங்கி, ஏழாவது ஆட்டம் வரை போனார்கள். மே 12 இரவு 90–90 என்று சமநிலையில் நின்றபோது, 4.2 விநாடிகள் மீதியிருந்தன. வலது மூலையிலிருந்து, பிலடெல்பியாவின் எம்பீட் நீட்டிய கைக்கு மேலாக லெனார்ட் எறிந்த பந்து வளையத்தில் நான்கு தடவை துள்ளி உள்ளே விழுந்தது. 92–90. ஏழாவது ஆட்டமொன்று கடைசி மணியோடு வந்த எறியால் முடிந்தது என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதல் தடவை.

இலங்கையில் அப்போது மே 13 காலை. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்கு மூன்று வாரங்களின் பின், முதல் நாள் சிலாபத்தில் முகநூல் பதிவொன்றைத் தொடர்ந்து மூண்ட பதற்றம் அன்று வடமேல் மாகாணத்தின் பல ஊர்களுக்குப் பரவியது. முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டத்தின் கொட்டாரமுல்லையில் ஒருவர் கொல்லப்பட்டார். ஊரடங்கு போடப்பட்டது, சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. உலகெங்கும் கைத்தொலைபேசிகளில் ஓடிய அந்த எறியின் காணொளி, இந்த மாவட்டத்துத் திரைகளுக்கு எளிதில் வர வழியில்லாத நாள் அது. ரொறன்ரோவில் வாழும் இலங்கையருக்கு, நகரம் கொண்டாடிய நேரத்திலேயே ஊரைப் பற்றிய இந்தச் செய்திகளையும் கேட்க நேர்ந்தது.

அந்த இலங்கையரில் பெரும்பாலோர் தமிழர். 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் கனடா போனவர்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்து மீட்கப்பட்ட 155 பேர் அந்த வரலாற்றின் அடையாளமாகிவிட்டார்கள். ராப்டர்ஸ் தொடங்கிய காலம், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்த காலம். ஹொக்கிக்குப் பனித்தளமும் கவசமும் காசும் வேண்டும். கூடைப்பந்துக்கு ஒரு பந்தும் பாடசாலை முற்றத்து வளையமும் போதும். குடியேறியவர்களின் நகரம் இந்த விளையாட்டைத் தனதாக்கிக்கொண்டதற்கு இது முக்கியமான காரணம் என்றே கொள்ள வேண்டும். அணியிலும் அந்த நகரத்தின் சாயல் இருந்தது. சியாகம் கமரூன்காரர், இபாகா கொங்கோக்காரர், கசோல் ஸ்பானியர்.

பிலடெல்பியாவுக்கு அடுத்து மில்வோக்கி. முதல் இரண்டு ஆட்டங்களும் தோல்வி. மூன்றாவது இரண்டு மேலதிக நேரங்களின் பின் 118–112 என்று கைக்கு வந்தது. பிறகு தொடர்ச்சியாக மூன்று வெற்றிகள். மூன்று ஆட்டத் தொடராக இருந்திருந்தால் ரொறன்ரோ பிலடெல்பியாவிடமே தோற்றிருக்கும். அதைத் தாண்டியிருந்தாலும் மில்வோக்கி முடித்துவைத்திருக்கும்.

இறுதித் தொடரில் எதிரே நின்றது கோல்டன் ஸ்டேட் வோரியர்ஸ். 1947 இல் முதல் பிளேஓஃபை வென்ற பிலடெல்பியா வோரியர்ஸ்தான் 1962 இல் மேற்குக் கரைக்கு இடம்பெயர்ந்து, பின்னர் இந்தப் பெயரைப் பெற்றது. தொடர்ந்து ஐந்தாவது ஆண்டாக இறுதிக்கு வந்திருந்த அணி. மே 30 அன்று ரொறன்ரோவில் நடந்த முதல் ஆட்டம், அமெரிக்காவுக்கு வெளியே நடந்த முதலாவது என்.பி.ஏ. இறுதித் தொடர் ஆட்டம். சியாகம் 32 புள்ளிகள் எடுத்தார். ஜூன் 13 அன்று ஓக்லண்டில், 114–110 என்ற ஆறாவது ஆட்டத்தோடு 4–2 ஆயிற்று. ரொறன்ரோவின் லோரி 26 புள்ளிகள் எடுத்தார். இலங்கையில் அது 14 ஆம் திகதி காலைப் பொழுது.

இந்த வெற்றியைக் குறைத்துப் பேசுவோர் கோல்டன் ஸ்டேட்டின் டுரண்டுக்குக் குதிகால் தசைநாண் அறுந்ததையும், ஆறாவது ஆட்டத்தில் அதே அணியின் தொம்சனின் முழங்கால் போனதையும் சுட்டுவார்கள். அந்தக் காயங்கள் உண்மையே. ஆனால் இரண்டு மாதங்களில் இருபதுக்கு மேற்பட்ட ஆட்டங்களைக் கேட்கும் ஒரு முறை, அணியின் திறமையோடு உடல்களின் தாங்குதிறனையும் சோதிக்கிறது. ஆண்டு முழுதும் லெனார்டைக் காத்து வைத்த ரொறன்ரோ இதை முன்கூட்டியே விளங்கிக்கொண்ட அணி.

அந்த ஜூலையிலேயே லெனார்ட் லொஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குப் போய்விட்டார். முறையும் மறுபடி மாறியது. 2021 முதல், ஏழாம் இடத்திலிருந்து பத்தாம் இடம்வரை உள்ள அணிகளுக்கு பிளேஓஃபுக்குள் நுழைய ஒரு முன்வாசல் வைக்கப்பட்டது. ஒன்பதாம், பத்தாம் இடத்தார் அங்கே ஒரே ஆட்டம் தோற்றால் வெளியே. 2023 ஏப்ரல் 12 அன்று ராப்டர்ஸ் அந்த வாசலில் சிக்காகோ புல்ஸைச் சொந்த அரங்கில் சந்தித்தது. 19 புள்ளிகள் முன்னிலையில் இருந்தும், 36 இலவச எறிகளில் 18 ஐத் தவறவிட்டு 105–109 என்று தோற்றது. எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர், 2018 இல் அவர்கள் அனுப்பிவிட்ட டிரோசன்.