‘ஹலோ’வுக்கு மரியாதை வந்த கதை

போனை எடுத்ததும் வாயில் வரும் ‘ஹலோ’ மரியாதைச் சொல்லாகப் பிறந்ததல்ல. அது வெறும் கூப்பாடு. தெருவில் தாண்டிப் போகிறவரை நிறுத்த ‘ஏய், இந்தாப்பா!’ என்று குரல் கொடுப்போமே, அந்த ரகம்.

1876-ல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கிய கிரகாம் பெல்லுக்குப் பிடித்ததோ ‘அஹாய்’. கப்பல்காரர்கள் கடலில் போடும் சத்தம். கடைசிவரை அவர் அதை விடவில்லை.

ஆரம்பத்தில் போனுக்கு மணி கிடையாது. இரண்டு இடங்களுக்கு நடுவே கம்பி எப்போதும் இணைப்பிலேயே கிடக்கும். அந்தப் பக்கத்து ஆளை எப்படிக் கூப்பிடுவது? 1877 ஆகஸ்ட் 15 அன்று பிட்ஸ்பர்க்கில் இருந்த தந்தி நிறுவனத் தலைவர் ஒருவருக்கு எடிசன் எழுதினார்: மணியெல்லாம் எதற்கு, ‘ஹலோ’ என்றால் 10, 20 அடி தள்ளியிருப்பவருக்கும் கேட்குமே! சிறுவயதிலேயே காது மந்தமாகிப்போன மனிதர் பார்த்துப் பொறுக்கிய சொல், சும்மாவா?

அடுத்த ஆண்டே அமெரிக்காவின் நியூ ஹேவன் நகர டைரக்டரி, பேச்சை ‘ஹலோ’வில் தொடங்கச் சொல்லிக்கொடுத்தது. மூன்று நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். யாராவது கெட்ட வார்த்தை பேசினால் உடனே அலுவலகத்தில் சொல்லுங்கள் என்றும் அதில் இருந்தது. போன் வந்த கையோடு வசவும் வந்துவிட்டது, பாருங்கள்.

வசவு சந்தாதாரர்களோடு நிற்கவில்லை. எக்ஸ்சேஞ்சுகளில் இணைப்புக் கொடுக்க முதலில் வைத்தது பதின்ம வயதுப் பையன்களை. தந்தி கொண்டுபோய்க் கொடுத்துத் திரிந்தவர்கள். பேசுகிறவர்களிடம் எகிறினார்கள், விளையாட்டுக் காட்டினார்கள், தங்களுக்குள் மல்லுக்கட்டினார்கள். முகம் தெரியாத தைரியம்!

1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண் அந்த வேலையில் சேர்ந்தார். சில மணி நேரத்தில் அவருடைய சகோதரி ஸ்டெல்லாவும் வந்தார். நிதானமான குரல், பதற்றமில்லாத பதில். சந்தாதாரர்களுக்குப் பிடித்துப்போயிற்று. ஊர் ஊராகப் பையன்கள் போய்ப் பெண்கள் வந்தார்கள். ‘ஹலோ கேர்ள்ஸ்’ என்றே அவர்களுக்குப் பேர். அந்தக் கனிவைக் கம்பெனிகள் குறைந்த கூலிக்குத்தான் வாங்கின என்பது தனிக்கதை.

எங்கள் வீட்டுக் கறுப்பு போனில் பெரியப்பாவின் டிரங்க் கால் வந்தால், அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுதான் ‘அலோ... சொல்லுங்கண்ணே’ என்பார். பேசி முடிக்கும்வரை உட்கார மாட்டார்.