மலாக்கா மிருகக்காட்சிசாலை

மலாக்கா மிருகக்காட்சிசாலை மலேசியாவின் மலாக்கா மாநிலத்தில், ஆயர் குரோ நெடுஞ்சாலையை ஒட்டி ஏறத்தாழ 54 ஏக்கர் (22 ஹெக்டர்) பரப்பில் அமைந்துள்ள விலங்குப் பூங்காவாகும். 1963இல் மாநில அரசு இதை நிறுவியது. பரப்பிலும் விலங்குகளின் எண்ணிக்கையிலும் கோலாலம்பூர் தேசிய மிருகக்காட்சிசாலைக்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்படுகிறது. சுமத்திரா காண்டாமிருகத்தை அழிவிலிருந்து காக்க 1980களில் நடந்த பெருமுயற்சியின் முதல் களம் இதுவே. விலங்கியல் வரலாற்றில் இதன் இடம் அதனால் உறுதியானது.

முன்வரலாறு

மலாக்காவில் விலங்குகளைச் சேர்த்து வளர்க்கும் வழக்கம் பூங்காவைவிட ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. 1795இல் டச்சுக்காரர்களிடமிருந்து மலாக்காவை ஆங்கிலேயர் பெற்றபோது வந்த படையில் வில்லியம் ஃபர்குவாரும் ஒருவர். 1803 முதல் 1818 வரை மலாக்காவின் ரெசிடெண்டாக இருந்த அவர் தம் இல்லத்தில் சிறுத்தை, தபீர், பிந்துரோங் முதலிய விலங்குகளை வளர்த்தார். வெறும் காட்சிக்காக அவர் அவற்றை வைத்திருக்கவில்லை. மலாக்காவிலிருந்த சீன ஓவியர்களை அமர்த்தி, தீபகற்பத்தின் பாலூட்டிகள், பறவைகள், மீன்கள், செடிகொடிகளை நீர்வண்ணத்தில் வரையச் செய்தார். அவ்வாறு உருவான 477 ஓவியங்களை 1827இல் லண்டன் அரச ஆசியக் கழகத்துக்குக் கொடையளித்தார். 1993இல் அவை ஏலத்துக்கு வந்தபோது சிங்கப்பூர்ப் பங்குத் தரகர் ஒருவர் வாங்கி அந்நாட்டு அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். மலாக்காவில் தீட்டப்பட்ட அச்செல்வம் இன்று சிங்கப்பூரில் உள்ளது.

அறிவியல் உலகுக்கு மலாயாத் தபீரை அறிமுகப்படுத்திய பெருமை ஃபர்குவாருக்கே உரியது. முன்னுடல் கறுப்பாகவும் முதுகும் பின்புறமும் வெள்ளையாகவும் உள்ள இவ்விலங்கை உள்ளூர் மக்கள் தெனுக் என்று நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஐரோப்பிய அறிஞர்களோ தபீர் அமெரிக்காவுக்கே உரியது என்று நம்பினர். 1816இல் ஃபர்குவார் கல்கத்தா ஆசியக் கழகத்துக்கு இதைப் பற்றிய குறிப்பை ஓவியத்துடன் அனுப்பினார். அவர் வளர்த்த தபீர் வீட்டு நாயைப் போல மனிதரோடு பழகியது. காய்கறிகளோடு ரொட்டியும் விரும்பித் தின்றது. அக்குறிப்பு 1820இல்தான் அச்சேறியது. அதற்குள் பிரெஞ்சு இயற்கையாளர் தியார் அனுப்பிய செய்தியைக் கொண்டு பாரிஸில் தெமரே 1819இல் அதற்குத் தபீரஸ் இண்டிகஸ் என்று பெயரிட்டுவிட்டார். மரநாய்க் குடும்பத்தைச் சேர்ந்த பிந்துரோங்கை ஆங்கிலேய அதிகாரி ஸ்டாம்போர்டு ராஃபிள்ஸ் முறைப்படி விவரித்து வெளியிட்டார். அதற்கும் மலாக்காவில் ஃபர்குவார் கண்டறிந்த விலங்கே அடிப்படை.

ராஃபிள்ஸ் 1811இல் ஜாவா படையெடுப்புக்கு ஆயத்தம் செய்து மலாக்காவில் தங்கியிருந்தபோது நடத்திய சேகரிப்பைப் பற்றி நேரில் கண்ட சான்று ஒன்று உண்டு. அதை எழுதியவர் முன்ஷி அப்துல்லா. தமிழ், அரபு மரபுகள் கலந்த குடும்பத்தில் மலாக்காவில் பிறந்த இவர் இளமையில் தமிழும் முறையாகக் கற்றவர். 1849இல் சிங்கப்பூரில் வெளிவந்த தம் வரலாற்று நூலான 'ஹிக்காயாட் அப்துல்லா'வில், ராஃபிள்ஸ் சம்பளம் கொடுத்து நால்வரை வைத்திருந்ததாகக் குறிப்பிடுகிறார். ஒருவர் இலைகளும் பூக்களும், ஒருவர் பூச்சிகள், ஒருவர் சங்கு, சிப்பி, பவளம், மீன்கள், நான்காமவர் பறவைகளும் சிறு விலங்குகளும் கொண்டுவர வேண்டும். சம்பாஸ் சுல்தான் அன்பளிப்பாக அனுப்பிய ஓராங் ஊத்தானுக்குச் சட்டையும் காற்சட்டையும் தொப்பியும் அணிவிக்கப்பட்டதையும் அவர் எழுதியுள்ளார். மலாக்காக் காடுகளில் யானை பிடிக்கப்பட்டதும் அந்நூலில் இடம்பெறுகிறது. மலாக்காவின் விலங்குச் சேகரிப்புக்கு முதல் வரலாற்றாசிரியர் தமிழ் மரபில் வந்தவர் என்பது தமிழர் நினைவில் வைக்கத்தக்க செய்தி.

மலாக்கா மாநிலச் சின்னத்திலும் விலங்குக்கு இடமுண்டு. பரமேசுவரன் மரத்தடியில் இளைப்பாறியபோது அவனுடைய வேட்டைநாயை ஒரு சருகுமான் உதைத்துத் தள்ளியது என்றும், எளிய உயிருக்கும் வீரமூட்டும் மண் இது என்று வியந்து அவன் அங்கேயே நகர் அமைத்தான் என்றும் மரபுக்கதை கூறும். அதன்படி சின்னத்தில் இரண்டு சருகுமான்கள் நிற்கின்றன.

தோற்றம்

தீபகற்பத்தில் ஜொகூர் மிருகக்காட்சிசாலை 1928இல் அரச குடும்பத்தின் சேகரிப்பாகத் தொடங்கியது. தைப்பிங் மிருகக்காட்சிசாலை 1961இல் உருவானது. மலாக்காப் பூங்கா 1963இல் நிறுவப்பட்டது. துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த தேசிய மிருகக்காட்சிசாலை அதே ஆண்டு நவம்பர் 14 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 

மீட்பு நிலையமாக

1979இல் பூங்கா மாநில அரசிடமிருந்து பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் பொறுப்புக்கு மாறி, விலங்கு மீட்புத் தளமாகவும் சரணாலயமாகவும் செயல்படலாயிற்று. காலம் அதை வேண்டிற்று. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியும் புதுக் காடுகள் அழிக்கப்பட்டும் வந்த ஆண்டுகள் அவை. இளஞ்செம்பனையின் குருத்தைத் தேடி யானைகள் தோட்டங்களுக்குள் இறங்கின. அவற்றைச் சுடுவதற்கு மாற்றாக, பிடித்து வேறு காடுகளில் விடும் யானைப் பிரிவை அத்துறை 1974இல் தொடங்கியது. அசாமிலிருந்து பழக்கிய யானைகள் வரவழைக்கப்பட்டன. மலாக்காவின் நியாலாஸ், ஆசகான் வட்டாரத் தோட்டங்கள் குனோங் லேடாங் மலைக்காட்டின் அருகே உள்ளவை. காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடைப்பட்ட வாழ்வை அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறியும்.

சுமத்திரா காண்டாமிருகங்கள்

பூங்காவின் பொற்காலம் 1984இல் தொடங்கியது. சுமத்திரா காண்டாமிருகம் ஐந்து காண்டாமிருக இனங்களில் மிகச் சிறியது. இரு கொம்புகளும் உடலில் உரோமமும் உடையது. காடுகள் துண்டானதாலும் கொம்புக்காக வேட்டையாடப்பட்டதாலும், தனித்தனியே சிதறிய விலங்குகள் இணையைக் கண்டடைய இயலாத நிலை ஏற்பட்டது. தனித்துவிடப்பட்டவற்றைப் பிடித்துப் பாதுகாப்பில் இனப்பெருக்கம் செய்விக்க 1984இல் சிங்கப்பூரில் கூடிய பன்னாட்டு வல்லுநர்கள் முடிவெடுத்தனர். 1984 முதல் 1996 வரை மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் 40 காண்டாமிருகங்கள் பிடிக்கப்பட்டன. தீபகற்ப மலேசியாவில் பிடிபட்ட முதல் விலங்குகள் மலாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டன.

பிடிபடும்போதே சினையாக இருந்த ரீமா 1987 மே மாதம் இங்கு மீனா என்ற பெண் கன்றை ஈன்றது. 1889இல் கல்கத்தா மிருகக்காட்சிசாலையில் ஒரு கன்று பிறந்த பின் மனிதர் பராமரிப்பில் பிறந்த சுமத்திரா காண்டாமிருகம் இதுவே. கன்று வளர்ந்த விதம், பாலூட்டும் முறை, தாயின் நடத்தை ஆகியவை பற்றி இங்கு திரட்டப்பட்ட குறிப்புகள் பிற்கால முயற்சிகளுக்குப் பயன்பட்டன. பின்னர் விலங்குகள் சிலாங்கூரின் சுங்கை டூசுன் காப்பகத்துக்கு மாற்றப்பட்டன. 2003இல் அங்கு நோய் பரவி ஐந்து காண்டாமிருகங்கள் சில வாரங்களுக்குள் மடிந்தன. 2001இல் அமெரிக்காவின் சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் அந்தலாஸ் பிறந்தபோதுதான் இம்முயற்சியில் பாதுகாப்பில் இணைசேர்ந்து கன்று ஈனும் முறை வெற்றிகண்டது. மலேசியாவில் எஞ்சியிருந்த தாம் 2019 மேயிலும், இமான் அதே ஆண்டு நவம்பர் 23இலும் சபாவில் இறந்தன. அத்துடன் இவ்வினம் மலேசியாவில் அற்றுப்போனது. விலங்குகளைப் பிடித்தது தவறன்று. மிகவும் தாமதித்துப் பிடித்ததே தவறு.

விலங்குகள்

சேகரிப்பின் வலிமை தீபகற்பக் காட்டின் உயிர்களில் உள்ளது. அவற்றுள் முதன்மையானவை:

மலாயாப் புலி: 2004இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் பாந்தேரா டைகிரிஸ் ஜாக்சோனி என்ற தனி உள்ளினமாக வகுக்கப்பட்டது. மலேசியாவின் தேசிய விலங்கு. காட்டில் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளது.

செலாடாங்: காட்டெருதின் மலாயா வகை. பகாங் காடுகளில் வேட்டையாடிப் பின்னர் வனப் பாதுகாப்புக்காகப் போராடிய தியோடர் ஹப்பக்கின் பெயரால் ஹப்பக்கி என வழங்கப்படுகிறது.

தபீர்: குட்டிகள் வரிகளும் புள்ளிகளும் கொண்டு பிறந்து, சில மாதங்களில் கறுப்பு வெள்ளையாக மாறும்.

தேன் கரடி: கரடிகளில் மிகச் சிறியது. மார்பில் பிறை போன்ற வெளிறிய பட்டை உண்டு. நீண்ட நாக்கால் தேனும் கறையானும் தின்னும்.

இவற்றோடு ஆசிய யானை, மான்கள், குரங்குகள், பறவைகள், ஊர்வன ஆகியவையும், ஒட்டகச்சிவிங்கி போன்ற அயல்நாட்டு விலங்குகளும் உள்ளன.

இன்றைய நிலை

பூங்காவை இப்போது மலாக்கா வரலாற்று மாநகர் மன்றம் நிர்வகிக்கிறது. இனங்கள் 200க்கு மேல் என்றும் விலங்குகள் 1,000க்கு மேல் என்றும் கூறப்படுகிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் 2012இல் வந்த விதிகளும் மிருகக்காட்சிசாலைகளின் கூண்டளவு, பராமரிப்பு, உரிமம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. அருகே ஆயர் குரோ பொழுதுபோக்கு வனமும் மினி மலேசியா பூங்காவும் உள்ளன. பள்ளி விடுமுறைகளில் கூட்டம் மிகுதி.