அக்ரி

பக்கத்து வீட்டுப் பையன் லட்டுப் பெட்டியோடு வந்து, "அக்ரி கெடச்சிருச்சு மாமா, கோயம்புத்தூர்ல" என்றான். லத்தீனில் 'அகெர்' வயல். 'அக்ரி' என்றால் வயலுடைய. வயலுடைய என்ன கிடைத்தது என்று கேட்க நினைத்தேன், வாயில் லட்டு. பின்னால் வரவேண்டிய 'குல்தூரா', அதாவது பேணி வளர்த்தல், வெட்டுப்பட்டுவிட்டது. ரோமானிய அறிஞர் சிசரோ மெய்யியலை மனத்தின் 'குல்தூரா' என்று எழுதியது இந்த வயற்சொல்லைக் கடன் வாங்கித்தான். நம்மிடமும் நிலம் பண்படும், மனிதரும் பண்படுவார். 'விவசாயம்' வந்த வழி வேறு. வடமொழியில் 'வ்யவஸாய' உறுதி, விடாமுயற்சி, இந்தியில் தொழில், மலையாளத்திலோ ஆலைத்தொழில். தமிழும் தெலுங்கும் அதை வயலில் இறக்கின. 'வேளாண்மை' குறளில் உதவி, விருந்து பேணல். ஏரைப் பாடும் அதிகாரத்தின் பெயர் 'உழவு', அதனுள் வேளாண்மை என்ற சொல்லே இல்லை. சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கி 1906-இல் கோவைக்குப் பெயர்ந்த வேளாண் பள்ளியின் வழியில் 1971-இல் வந்த பல்கலைக்கழகம் இந்தச் சொல்லைத்தான் சூடிக்கொண்டது. 'உழவுக் கல்வி' என்றே சொல்லலாமே என்பார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் விதை, பூச்சி, மண், சந்தை எல்லாம் சேர்ந்த படிப்பு ஏருக்குள் அடங்காது. 'உழவியல்' ஏற்கெனவே அதில் ஒரு துறைக்குப் பெயராகிவிட்டது. கொடுக்கும் கையின் நினைவு ஒட்டியிருக்கிற 'வேளாண் கல்வி'யே எனக்குப் பிடிக்கிறது. லட்டை விழுங்கிவிட்டு இவ்வளவையும் பையனிடம் சொன்னேன். "சரி மாமா, ஹாஸ்டல் ஃபீஸ் கட்டணும்" என்று கிளம்பிவிட்டான்.